பண்பா, பணியா? தலைமையாசிரியர்களுக்கான அரசுப் பயிற்சியின் கருத்தடிப்படை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளித் தலைமையாசிரியர்களின் பணித்திறனை வளர்ப்பதற்காக அரசு நிதியில் நடைபெறும் பயிற்சிகள், 2012ஆம் ஆண்டில் தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் தோன்றியது முதல் இந்தியாவில் தனியொரு துறையாக உருப்பெற்றுள்ளன. அம்மையத்தின் கலைத்திட்ட வடிவமைப்பையும் தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறும் பயிற்சி நெறியையும் தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளிச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. இவ்வாவணங்கள் பயிற்சி பெறும் ஆளின் பண்பை வளர்க்க முனைகின்றன. அவர் வகிக்கும் பணியிடத்தின் நேரத்தையும் அதிகாரத்தையும் வரையறுக்காமல் விடுகின்றன. இதனால் பயிற்சிக்கெனச் செலவிடப்படும் பொதுப்பணத்தின் பயன் வகுப்பறையை எட்டும் முன்பே தேய்ந்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: தலைமையாசிரியர், பள்ளித் தலைமை, பணியிடைப் பயிற்சி, கல்வி உரிமைச் சட்டம், ஈராசிரியர் பள்ளி, பொதுநிதி

முன்னுரை

ஆசிரியர் பயிற்சி பற்றிய ஆய்வுகள் தமிழில் கணிசமாக உள்ளன. தலைமையாசிரியர் பயிற்சி பற்றிய ஆய்வுகள் அவ்வளவு இல்லை. உள்ளவற்றுள்ளும் பெரும்பாலானவை வினாநிரல்வழிப் பங்கேற்பாளர்களின் மனநிறைவை அளப்பவை. பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா என்று கேட்டால் ஆம் என்றே விடை வரும். அவ்விடையிலிருந்து பள்ளியில் என்ன மாறியது என்பதை அறிய இயலாது. எனவே இக்கட்டுரை பயிற்சியின் வரவேற்பை ஆராயாமல், பயிற்சிக்கு அடிப்படையாக அமைந்த ஆவணங்கள் எத்தகைய தலைமையாசிரியரைக் கற்பனை செய்துகொண்டு பேசுகின்றன என்னும் வினாவை எழுப்புகிறது. அக்கற்பனைத் தலைமையாசிரியருக்கும் தமிழ்நாட்டின் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பணியாற்றும் தலைமையாசிரியருக்கும் இடையிலான தொலைவே இங்கு ஆய்வுப் பொருளாகிறது.

இரு சொற்களின் வேறுபாடு

தமிழ்நாட்டில் இப்பயிற்சிகள் பொதுவாகத் தலைமைப்பண்புப் பயிற்சி என்று வழங்கப்படுகின்றன. அண்மைக் காலமாகத் தலைமைத்துவம் என்ற சொல்லும் பரவியுள்ளது. பண்பு என்பது ஒருவரிடம் அமைந்திருக்கும் இயல்பு. பயிற்சியின்வழி அதனை வளர்க்கலாம். ஆயினும் அது அவரைச் சார்ந்ததாகவே இருக்கும். பண்பு குறைந்தால் குறை அவருடையது. நிறைந்தால் நிறைவும் அவருடையது. பணி என்பது வேறு. பணிக்கு நேரம் வேண்டும், எல்லை வேண்டும், அதனைச் செய்வதற்கான அதிகாரமும் உதவியாளரும் வேண்டும். இவற்றைத் தரவேண்டிய கடமை பணியமர்த்துபவருக்கு உரியது. தலைமையைப் பண்பாக மட்டும் கருதும்போது இக்கடமை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

தலைமையாசிரியர் என்னும் சொல்லே நம் நடைமுறையைச் சரியாகக் காட்டுகிறது. அவர் முதலில் ஆசிரியர். ஆசிரியர்களுள் தலைமை இடத்தில் இருப்பவர். இலங்கையில் தமிழ்வழிப் பள்ளிகளிலும் அதிபர் என்ற சொல்லே வழங்குகிறது. அங்கு இலங்கை அதிபர் சேவை என்னும் தனிச் சேவை உண்டு. போட்டித் தேர்வின்வழி அதற்கு ஆட்சேர்ப்பும் நடைபெறுகிறது. தனிச் சேவை அமைந்துவிட்டதனாலேயே பள்ளிகள் சிறந்துவிடும் என்று கூற இயலாது. ஆனால் பள்ளியை நடத்துவது கற்பித்தலிலிருந்து வேறான ஒரு பணி என்ற ஏற்பு அவ்வமைப்பில் உள்ளது. தமிழ்நாட்டில் அவ்வேற்பு பயிற்சியின் மொழியில் மட்டுமே உள்ளது, பணியமைப்பில் இல்லை.

கலைத்திட்ட வடிவமைப்பும் அதன் மூலமும்

புதுதில்லியில் அமைந்த தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாகப் பல்கலைக்கழகத்தில் (இன்றைய பெயரால் நீபா) 2012இல் தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் நிறுவப்பட்டது. பிரித்தானிய-இந்தியக் கல்வி, ஆராய்ச்சி முன்முயற்சித் திட்டத்தின்கீழ், இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் இயங்கிய பள்ளித் தலைமைக்கான தேசியக் கல்லூரியின் துணையுடன் அம்மையத்தின் கலைத்திட்டம் உருவாக்கப்பட்டது. பள்ளித் தலைமை பற்றிய பார்வை, தன்னை வளர்த்தல், கற்றல் கற்பித்தலை மாற்றியமைத்தல், குழுக்களை உருவாக்கி வழிநடத்தல், புதுமைகளை வழிநடத்தல், கூட்டுறவுகளை வழிநடத்தல், பள்ளி நிருவாகத்தை வழிநடத்தல் என ஏழு களங்களை அது வகுத்துள்ளது.

இவ்வடிவமைப்பின் சிறப்புகளை முதலில் குறிப்பிட வேண்டும். அதற்கு முன்பு தலைமையாசிரியர் பயிற்சி என்றால் பெரும்பாலும் விதிகள், கணக்குகள், பதிவேடுகள் பற்றிய அறிமுகமே. அந்நிலையில் கற்றல் கற்பித்தலைத் தலைமையின் நடுப்பொருளாகக் கொண்டுவந்ததும், நிருவாகத்தை ஏழாவது களமாக இறுதியில் வைத்ததும் குறிப்பிடத்தக்க மாற்றங்கள். இந்தியப் பள்ளிகளின் பன்முகத்தன்மையையும் அது ஏற்றுப் பேசுகிறது.

எனினும் ஏழு களங்களையும் ஒருசேர நோக்கினால், அவை ஒரு குறிப்பிட்ட பள்ளியை முன்னிறுத்துவது புலப்படும். குழுவை உருவாக்குவதற்குப் போதிய ஆசிரியர்கள் உள்ள பள்ளி அது. பிறர் வகுப்பைச் சென்று நோக்குவதற்குத் தலைமையாசிரியருக்குப் பாடவேளை ஒழிந்திருக்கும் பள்ளி. நிருவாகத்தை மேற்பார்வையிட்டால் போதும், அதனைச் செய்வதற்கு வேறு ஆள் உண்டு என்ற நிலையிலுள்ள பள்ளி. 2024–25ஆம் ஆண்டின் யுடைஸ் தரவுகளின்படி இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன. அப்பள்ளிகளின் ஆசிரியருக்குக் குழுக்களை வழிநடத்தல் என்னும் களம் எவ்வகையிலும் பொருந்தாது.

கருத்தைத் தந்த நிறுவனத்தின் வரலாறும் நோக்கத்தக்கது. நாட்டிங்காம் கல்லூரி 2000இல் தொடங்கப்பட்டது. தலைமையாசிரியர்களுக்கான தேசியத் தொழில்தகுதி அதற்கும் முன்பே 1997இல் அறிமுகமாகி, 2009இல் முதன்முறைத் தலைமையாசிரியர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 2012இல் மீண்டும் விருப்பத் தகுதியானது. 2013இல் அக்கல்லூரி வேறொரு முகமையுடன் இணைக்கப்பட்டது. இணைந்த அமைப்பும் 2018இல் கலைக்கப்பட்டது. ஆட்சி மாறும்போது பயிற்சி நிறுவனம் மாறியது. ஆனால் இங்கிலாந்துப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு வரவு செலவு, பணியாளர் நியமனம் ஆகியவற்றில் உள்ள அதிகாரம் அக்கல்லூரியோடு மறைந்துவிடவில்லை. அவ்வதிகாரம் முன்பே இருந்தது. அதனைத் திறம்படக் கையாளுவதற்கே அங்குப் பயிற்சி தேவைப்பட்டது. இந்தியா அப்பயிற்சியின் களங்களை எடுத்துக்கொண்டது. அக்களங்கள் எந்த அதிகாரத்தை ஊன்றி நின்றனவோ அது உடன் வரவில்லை.

சட்டம் காணாத பணியிடம்

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் அட்டவணையில் ஆசிரியர் எண்ணிக்கையை வரையறுக்கிறது. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் 5 ஆசிரியர்களுடன் ஒரு தலைமையாசிரியர். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர். இவ்வரம்புக்குக் கீழேயுள்ள பள்ளிக்குத் தனித் தலைமையாசிரியர் வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. ஆசிரியர்களின் கடமைகளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. தலைமையாசிரியரின் கடமைகளுக்கென அப்படியொரு பிரிவு இல்லை.

தமிழ்நாட்டில் சிறிய தொடக்கப்பள்ளிகளிலும் தலைமையாசிரியர் பணியிடம் உண்டு. இது சட்டத்தின் குறைந்தபட்ச வரம்பைவிட மேலான நிலையாகும். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் அவ்விருவருள் ஒருவரே தலைமையாசிரியர். ஐந்து வகுப்புகளை இருவரும் பகிர்ந்துகொள்கின்றனர். கற்பித்தலுக்கு அப்பால் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் நாள்தோறும் செய்யவேண்டிய பதிவுகள், விலையில்லாப் பொருள்களின் வழங்கல், காலை உணவு, சத்துணவு ஆகியவற்றோடு தொடர்புடைய பொறுப்புகள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், கட்டடப் பழுது, வட்டார அலுவலகத்துக்கான அறிக்கைகள் ஆகியவை தலைமையாசிரியரைச் சேர்கின்றன. சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் மீட்பு, தேர்தல் ஆகியவை தவிர்ந்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே எழும் எழுத்துப்பணியை அப்பிரிவு கருதவில்லை. தொடக்கப்பள்ளிக்கு எழுத்தர் இல்லை. ஆகவே எழுத்தரின் வேலையும் ஆசிரியரின் வேலையும் தலைமையாசிரியரின் வேலையும் ஒரே ஆளிடம் வந்து சேருகின்றன. இம்மூன்றில் எது தள்ளிப்போடத்தக்கது என்ற கேள்வி எழும்போது, கெடு விதிக்கப்படாத தலைமைப் பணியே தள்ளிப்போகிறது.

பதவிக்கு வரும் வழியும் இதே போக்கினது. தமிழ்நாட்டில் தலைமையாசிரியர் பதவி பெரும்பாலும் பணிமூப்பின் அடிப்படையிலான பதவி உயர்வால் நிரப்பப்படுகிறது. உயர்நிலைப்பள்ளி அளவில் துறைத்தேர்வுகளில் தேர்ச்சி தேவை. அவை விதிகளையும் கணக்குகளையும் பற்றிய அறிவைச் சோதிப்பவை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்றது. அத்தேர்வு கற்பித்தல் தகுதியை அளப்பது. விதியறிவு, கற்பித்தல் தகுதி ஆகிய இரண்டும் தேவையே. ஆயினும் சக ஆசிரியரின் வகுப்பை நோக்கி அவருக்கு உதவுவது எப்படி, கற்றலில் பின்தங்கிய வகுப்பை மீட்கப் பள்ளி அளவில் திட்டமிடுவது எப்படி என்பனவற்றைப் பதவி ஏற்பதற்கு முன்பே கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. பதவி ஏற்ற பின்னர், ஒதுக்கீட்டையும் முறைவைப்பையும் பொறுத்துப் பயிற்சி வருகிறது. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது பதவி உயர்வு பெறுபவருக்கு அப்பயிற்சி வந்து சேரும் காலத்தில், அதனைப் பயன்படுத்தும் காலம் சுருங்கிவிடுகிறது.

ஐம்பது மணி நேரக் கணக்கு

தேசியக் கல்விக் கொள்கை 2020, பள்ளி முதல்வர்களும் பள்ளி வளாகத் தலைவர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர் பணித்திறன் மேம்பாட்டில் பங்கேற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இதற்கு முன்பே, 2019 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கப்பட்ட நிஷ்தா திட்டம், தொடக்கக் கல்வி நிலையில் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களையும் பள்ளித் தலைவர்களையும் இலக்காகக் கொண்டது. 2020 முதல் அது தீக்‌ஷா தளத்தின்வழி இணையத்துக்கு மாறியது.

மணி நேரம் எண்ணுவதற்கு எளிது, தணிக்கைக்கும் ஏற்றது. ஆனால் அதன் விலையை யார் தருகிறார்கள் என்று கணக்கிட வேண்டும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் எனக் கொண்டால் 50 மணி நேரம் என்பது 8 நாள்களுக்கு மேல். நேரடிப் பயிற்சியாயின், ஈராசிரியர் பள்ளி அந்நாள்களில் ஓராசிரியர் பள்ளியாகிறது. ஐந்து வகுப்புகளும் ஒருவரிடம் விடப்படுகின்றன. இணையவழிப் பயிற்சியாயின், அந்நேரம் தலைமையாசிரியரின் மாலையிலிருந்தோ பாடவேளையிலிருந்தோ எடுக்கப்படுகிறது. முதல் நிலையில் குழந்தைகளும் இரண்டாம் நிலையில் ஆசிரியரும் தரும் இவ்விலை எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. பதிலி ஆசிரியருக்கான ஒதுக்கீடு இல்லாத பயிற்சித் திட்டம், உண்மையில் தன் செலவின் ஒரு பகுதியைப் பள்ளியின்மீது சுமத்துகிறது.

நிதியின் உறுதியின்மையும் இதனோடு சேர்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவை ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு இணையாத நிலையில் 2024–25ஆம் ஆண்டுக்கான ஒன்றியப் பங்கு நிறுத்திவைக்கப்பட்டது. பயிற்சி, இத்தகைய பூசல்களில் ஓசையின்றிக் குறைக்கப்படக்கூடிய தலைப்பாகும். ஊதியம் நின்றால் அன்றே தெரியும். பயிற்சி நின்றால் பல ஆண்டுகள் கழித்தே தெரியும்.

ஆய்வுச் சான்றுகள் உணர்த்துவன

தலைமை முக்கியம் என்பதற்குச் சான்றாகப் பயிற்சிக் கையேடுகள் பலவும் சுட்டும் கருத்து, மாணவர் கற்றலில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்கு உரியது என்பதாகும். இதனைப் பரவலாக்கிய லீத்வுட், ஹாரிஸ், ஹாப்கின்ஸ் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரையை 2020இல் தாமே மீளாய்வு செய்து, பள்ளி அமைப்பின் கூறுகளைச் செம்மைப்படுத்துவதன் வாயிலாகவே தலைமை கற்பித்தலின் தரத்தில் தாக்கம் செலுத்துகிறது என்று திருத்தி உரைத்தனர். பள்ளி அமைப்பை மாற்ற இயலாத தலைமையாசிரியருக்கு இவ்வழி அடைபட்டுள்ளது என்பது இதன் உட்பொருள்.

விவியன் ராபின்சனும் அவருடன் ஆய்ந்தோரும் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தலைமையின் ஐந்து கூறுகளை ஒப்பிட்டது. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவிப்பதும் அதில் தலைமையாசிரியர் தாமே பங்கேற்பதும் மாணவர் அடைவோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருப்பதை அது கண்டது. ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 58 பள்ளிகளில் நடத்திய சோதனையாய்வில், முதல்வர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. பாடத் திட்டமிடல், தரவுகளைப் பயன்படுத்தல், வகுப்பை நோக்கி ஆசிரியருக்கு வழிகாட்டல் ஆகியவையே அப்பயிற்சியின் பொருள். முதல் ஆண்டில் மாணவர் அடைவு உயர்ந்தது. பள்ளியில் தொடர்ந்து இருக்கக்கூடிய முதல்வர்களிடம் பயன் கூடுதலாகக் காணப்பட்டது. பயிற்சியின் அளவு, அதன் குறுகிய கவனம், பணியிடத்தின் நிலைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே பயன் விளைகிறது என இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தியச் சான்று இன்னும் நேரடியானது. நீபா உருவாக்கிய ஷாலா சித்தி என்னும் பள்ளி மதிப்பீட்டு முறை, தலைமையும் மேலாண்மையும் உள்ளிட்ட ஏழு களங்களில் பள்ளிகளை மதிப்பிட்டு, மேம்பாட்டுத் திட்டம் வகுக்கச் செய்வது. மத்தியப் பிரதேசத்தில் அதே நோக்கில் நடைமுறைப்படுத்தப்பட்ட திட்டத்தைச் சோதனைமுறையில் ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும், மதிப்பீடுகளும் திட்டங்களும் உரியவாறு எழுதி முடிக்கப்பட்டதையும், கற்பித்தலிலோ மாணவர் அடைவிலோ எந்த மாற்றமும் ஏற்படாததையும் 2020இல் எடுத்துரைத்தனர். இருந்தும் இம்மாதிரி நாடெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. தாளில் நிறைவேறியது, வகுப்பறையில் நிறைவேறவில்லை. அளக்கப்பட்டது தாள் என்பதால் திட்டம் வெற்றி பெற்றதாகக் கொள்ளப்பட்டது.

பொதுவிவாதத்தின் குறுக்கம்

பொதுப்பணம் செலவாகும்போது பொதுக்கேள்வி எழுவது முறையே. ஆனால் எழும் கேள்வி எது என்பது முக்கியம். 2023 ஜனவரியில், அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்சிக்காகப் பின்லாந்துக்கு அனுப்பும் தில்லி அரசின் முன்மொழிவு, துணைநிலை ஆளுநருக்கும் ஆட்சிக்கும் இடையிலான பூசலாயிற்று. அடுத்த மாதம் பஞ்சாப் அரசு 36 பள்ளி முதல்வர்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பியபோது, தேர்வு முறையையும் செலவையும் குறித்து ஆளுநர் விளக்கம் கேட்டார். இரண்டிலும் விவாதம் பயணத்தைச் சுற்றியே நின்றது. திரும்பி வந்தவர் தம் பள்ளியில் எதை மாற்றும் அதிகாரம் உடையவர் என்று இரு தரப்பாரும் பேசவில்லை.

தில்லியின் நடைமுறையில் அதிகம் பேசப்படாத வேறொரு பகுதி உண்டு. தலைமையாசிரியர்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கும் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திற்கும் அனுப்பிய அதே காலத்தில், பள்ளி வளாகப் பராமரிப்பைக் கவனிக்கத் தனி மேலாளர்கள் அமர்த்தப்பட்டனர். பள்ளித் தலைவரின் செலவு அதிகாரமும் உயர்த்தப்பட்டது. பயிற்சியோடு பணியிடமும் திருத்தப்பட்டது என்பதே அங்குக் கற்கவேண்டிய பாடம். பிற மாநிலங்கள் அவ்விரண்டில் முதலாவதையே பின்பற்ற முனைந்தன. அது படம் எடுத்து வெளியிட உகந்தது.

மறுப்பும் விளக்கமும்

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, அதிகாரமும் நேரமும் கிடைக்கும்வரை பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டுமா என்பது. வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவரே தம் பணியிடத்தின் குறைகளைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லவர் என்பதும் உண்மை. ஆனால் பயிற்சி அரங்கில் அவ்வாறு எடுத்துரைக்கப்படும் குறைகள் எங்கும் பதிவாவதில்லை. முதன்மைக் கருத்தாளர் மேலிருந்து பெற்றதைக் கீழே கொண்டுசெல்கிறார். கீழிருந்து மேலே செல்லும் வழி அவ்வடுக்கில் அமைக்கப்படவில்லை.

இரண்டாவது, நெருக்கடியான சூழலிலும் சில தலைமையாசிரியர்கள் தம் பள்ளிகளை உயர்த்திக் காட்டியுள்ளனரே என்பது. அவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆயினும் தம் சொந்த நேரத்தையும் பல வேளைகளில் சொந்தப் பணத்தையும் செலவிட்டு அவர்கள் செய்ததைப் பொதுநெறியாக்குவது, அரசின் கடமையைத் தனிமனித ஈகத்துக்கு மாற்றிவிடுவதாகும். விதிவிலக்கை அளவுகோலாகக் கொள்ளும் பயிற்சி, எஞ்சியோரிடம் குற்றவுணர்வையே வளர்க்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. தலைமையாசிரியருக்கான தயாரிப்பு பதவி உயர்வுப் பட்டியலில் இடம்பெற்றவுடனேயே, பதவி ஏற்கும் முன்பே தொடங்க வேண்டும். பயிற்சி நாள் ஒவ்வொன்றுக்கும் பதிலி ஆசிரியரின் செலவு பயிற்சி நிதியிலேயே சேர்க்கப்பட வேண்டும். சில தொடக்கப்பள்ளிகளுக்குப் பொதுவாகக் குறுவள மைய அளவில் ஓர் எழுத்தர் அமர்த்தப்பட்டால், வகுப்பை நோக்குவதற்கும் சக ஆசிரியரோடு பேசுவதற்கும் தலைமையாசிரியருக்கு நேரம் விடுபடும். தொகுப்பாய்வுகள் சுட்டும் மிகப் பயனுள்ள கூறு இதுவே. பயிற்சியின் வெற்றியைப் பங்கேற்ற மணி நேரத்தால் அளக்காமல், ஓராண்டு கழித்துப் பள்ளியில் நிகழும் வகுப்பு நோக்கல், ஆசிரியர் கலந்துரையாடல் ஆகியவற்றால் அளக்க வேண்டும்.

இவ்வளவுகோலை உருவாக்கும் பொறுப்பு கல்வியியல் ஆய்வாளர்களுக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்களுக்கும் உரியது. பயிற்சி நடத்துவோரே அதனை மதிப்பிடும் இன்றைய நிலையில், மனநிறைவு வினாநிரலைத் தாண்டிய ஆய்வுகள் பெருக வேண்டும். ஒரு வட்டாரத்தின் ஈராசிரியர் பள்ளிகளில் தலைமையாசிரியரின் ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது என்பதை மணிவாரியாகப் பதிவு செய்யும் எளிய ஆய்வே, தலைமைப்பண்பு பற்றிய பல கையேடுகளைவிட மிகுதியாக உணர்த்தக்கூடும். அத்தகைய தரவு கையில் இருந்தால், பயிற்சிக்கான அடுத்த ஒதுக்கீடு ஆளுக்கு எவ்வளவு, பணியிடத்துக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு நமக்கு ஓர் அடிப்படை இருக்கும்.